தில்லியில் வீட்டை வாடகைக்கு விடுவோர் கவனத்திற்கு

வேலை தேடியும் கல்வி நாடியும் தலைநகருக்கு வருவோரின் முதற்கவலை, குடியிருக்க ஓர் இடம் கிடைக்குமா என்பதாகும். அதே நகரில் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் உள்ளன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தில்லியில் நூற்றுக்கு 28 குடும்பங்கள் வாடகை வீடுகளில் வசித்தன. நாட்டின் நகர்ப்புறங்களில் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடந்ததும் அதே கணக்கெடுப்பில் தெரிய வந்தது. இந்த முரண்பாட்டை ஆராய்ந்த 2017-18ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, சொத்துரிமையில் தெளிவின்மை, ஒப்பந்தங்களை நிறைவேற்றுவதில் உள்ள இடர்ப்பாடு, வாடகை வருமானத்தின் குறைவு ஆகியவற்றைக் காரணங்களாகச் சுட்டியது.

ஆய்வறிக்கையின் சொற்களில் இவ்வாறு கூறப்படுவதை, வீட்டுச் சொந்தக்காரர்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவர்: "வாடகைக்கு விட்டால் வீடு திரும்பக் கிடைக்காது." இந்த அச்சம் அடிப்படையற்றதன்று. ஆயினும் அது பெரும்பாலும் ஒரு பழைய சட்டத்தின் நிழலே ஆகும். இன்று தில்லியில் புதிதாக வாடகைக்கு விடப்படும் வீடுகளில் மிகப் பலவற்றை அச்சட்டம் தொடுவதே இல்லை. அவ்வாறாயின் எது தொடுகின்றது, உரிமையாளருக்கு உண்மையான பாதுகாப்பு எங்கே உள்ளது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறு உரிமையாளர்கள்

வீட்டுச் சொந்தக்காரர் என்றதும் மாடமாளிகை படைத்த செல்வரையே எண்ணிக்கொள்வது வழக்கம். தில்லியில் நிலைமை வேறு. முனீர்க்கா, பேர் சராய், கட்வாரியா சராய், ஜியா சராய் போன்ற ஊர்கள் ஒரு காலத்தில் வேளாண் கிராமங்களாக இருந்தவை. தலைநகரின் விரிவாக்கத்திற்காக வயல்கள் கையகப்படுத்தப்பட்டபின், உழவர்களிடம் எஞ்சியது 'லால் டோரா' எனப்படும் குடியிருப்பு எல்லைக்குள் அடங்கிய வீட்டு மனை மட்டுமே. அம்மனையில் அடுக்கடுக்காக அறைகளைக் கட்டி மாணவர்களுக்கு விட்டனர். கலப்பை போன இடத்தில் வாடகை வந்தது எனலாம். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயில வந்த தமிழ் மாணவர்களில் இவ்வூர்களின் மாடிப்படிகளை ஏறி இறங்காதவர் சிலரே இருப்பர்.

மற்றொரு வகையினர் நடுத்தர வருவாய்ப் பிரிவினர். தில்லி வளர்ச்சி ஆணையத்தின் 1979ஆம் ஆண்டுப் பதிவுத் திட்டத்தில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்து, பலர் பல்லாண்டுகள் காத்திருந்து வீடு பெற்றனர். மத்திய அரசில் பணிபுரிந்த தமிழர் பலரும் இவ்வாறோ, கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள் வழியாகவோ தலைநகரில் ஒரு வீட்டிற்கு உரியவராயினர். ஓய்வுக்குப்பின் சென்னைக்கோ திருச்சிக்கோ திரும்பும்போது, ஜனக்புரியிலோ மயூர் விகாரிலோ உள்ள அந்த வீட்டை என்செய்வது என்ற வினா எழுகின்றது. அவர்களுக்கு அது முதலீடு அன்று, வாழ்நாள் சேமிப்பு.

சட்டம் வந்த வழி

தில்லியில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப்போருடன் தோன்றியது. 1939இல் பாதுகாப்பு விதிகளின்கீழ் ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. அடுத்தடுத்துப் பிற சட்டங்கள் வந்தன. நாட்டுப் பிரிவினையின் விளைவாக அகதிகள் பெருந்திரளாக வந்து குடியேறவே, 1941இல் ஒன்பது லட்சத்துச் சொச்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் பதினேழு லட்சத்தைத் தாண்டியது. தங்குவதற்கு இடமின்றித் தவித்த மக்களை வாடகை உயர்விலிருந்தும் திடீர் வெளியேற்றத்திலிருந்தும் காப்பது அரசின் கடமையாயிற்று. இன்றும் நடைமுறையில் உள்ள தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958இல் இயற்றப்பட்டு 1959 பிப்ரவரி 9ஆம் நாள் செயலுக்கு வந்தது.

இச்சட்டத்தின்படி, சட்டத்தில் கூறப்பட்ட காரணங்களில் ஒன்றை வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் முன் நிலைநாட்டினால் அன்றி, வாடகைதாரரை வெளியேற்ற இயலாது. வாடகை பாக்கி, எழுத்து மூலமான இசைவின்றி உள்வாடகைக்கு விடுதல், வேறு நோக்கத்திற்குப் பயன்படுத்துதல், உரிமையாளருக்கே வீடு மெய்யாகத் தேவைப்படுதல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுவதையும் சட்டம் தடுத்தது.

நோக்கம் நல்லதே. ஆனால் காலம் செல்லச்செல்ல வாடகை உறைந்து, விலைவாசி உயர்ந்தது. 2004இல் உச்சநீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்குச் சான்று பகரும். கன்னாட் சர்க்கஸில் சுமார் ஆயிரம் சதுர அடிக் கடையிடம் 1944இல் வாடகைக்கு விடப்பட்டது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் மாத வாடகை 371 ரூபாய் 90 காசாகவே இருந்தது! வெளியேற்ற ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்த வாடகைதாரர், அது முடியும்வரை மாதம் 15,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பாயம் விதித்த நிபந்தனையை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. வழக்கை இழுத்தடிப்பதால் வரும் ஆதாயத்தைக் குறைத்த தீர்ப்பு இது.

இவ்வுறைநிலையால் நட்டமடைந்தவர் உரிமையாளர் மட்டுமல்லர். சொத்து வரியைச் சட்டப்படியான நியாய வாடகையின் அளவிலேயே கணிக்க வேண்டும் என்று 1979இல் உச்சநீதிமன்றம் கூறியதால், நகராட்சிகளின் வருவாயும் தேங்கியது. குறைந்த வாடகை பெறுபவர் பழுது பார்க்க முன்வருவதில்லை, வீடு சிதைகின்றது. பழைய தில்லியில் சாய்ந்து நிற்கும் சுவர்களுக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. வாடகையை நிர்ணயிக்கும் பிரிவுகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2002இல் செல்லாதவை என அறிவித்தது.

மூவாயிரத்து ஐந்நூறு என்னும் எல்லைக்கோடு

சட்டத்தில் வழிகள் சிறிது சிறிதாகவே திறந்தன. சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த ஊழியர்கள், அரசு உத்தரவினால் குடியிருப்பைக் காலி செய்ய நேர்ந்தபோது தம் வீட்டை உடனே திரும்பப் பெறுவதற்கென 1975-76இல் தனிப்பிரிவும் சுருக்க விசாரணை முறையும் சேர்க்கப்பட்டன. உரிமையாளரின் மெய்யான தேவையைக் காரணமாகக் கொண்ட வழக்குகளும் இச்சுருக்க முறையில் அடங்கும். அழைப்பாணை கிடைத்த 15 நாட்களுக்குள் வாடகைதாரர் எதிர்வழக்காட அனுமதி கோர வேண்டும். ஆனால் இவ்வகையில் மீட்ட வீட்டை, அதிகாரியின் அனுமதியின்றி மூன்றாண்டுகளுக்கு மீண்டும் வாடகைக்கு விடலாகாது என்பதைச் சிலர் மறந்துவிடுகின்றனர்.

பெருந்திருப்பம் 1988 டிசம்பர் முதல் நாள் செயலுக்கு வந்த திருத்தம் ஆகும். மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட கட்டடங்கள் சட்டத்தின் வரம்பிலிருந்தே விலக்கப்பட்டன. வரம்புக்குள் இருப்பவற்றிற்கும் மூன்றாண்டுக்கு ஒருமுறை நூற்றுக்குப் பத்து வீதம் வாடகையை உயர்த்த இடமளிக்கப்பட்டது. ஓய்வு பெற்ற அரசு ஊழியர், முன்னாள் படைவீரர், கணவரை இழந்த பெண்டிர் ஆகியோர் தம் வீட்டை விரைந்து மீட்கத் தனிப்பிரிவுகள் வகுக்கப்பட்டன.

1988இல் 3,500 ரூபாய் வாடகை என்பது வசதி படைத்தோர் வாழும் பெருவீட்டிற்குரியது. இன்று முனீர்க்காவில் ஒற்றை அறைக்கே அதைவிடக் கூடுதலாகத் தரவேண்டியுள்ளது. எல்லைக்கோடு நகரவில்லை, ரூபாயின் மதிப்புத்தான் நகர்ந்தது. நாடாளுமன்றம் செல்வருக்கெனத் திறந்த கதவை விலைவாசி எல்லோருக்கும் திறந்துவிட்டது. முழுமையான மாற்றாக இயற்றப்பட்டு 1995 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்ற புதிய வாடகைச் சட்டமோ, நடைமுறைக்கு வராமலே போயிற்று.

ஆக, புதிதாக வாடகைக்கு விடுபவர் தம் உரிமைகளை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்திலும், தாமே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்திலுமே தேட வேண்டும். வழக்கு நேரிட்டால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அன்று, உரிமையியல் நீதிமன்றத்திற்கே செல்ல வேண்டும்.

தலைநகர் வட்டாரம் மூன்று மாநிலங்களில் பரவியிருப்பதால் ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவைப்படுகின்றது. நொய்டாவில் வீடு வாங்கியவருக்குத் தில்லிச் சட்டம் பொருந்தாது. உத்தரப்பிரதேசம் 2021இல் இயற்றிய வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும், அதை வாடகை ஆணையத்திற்குத் தெரிவிப்பதையும் கட்டாயமாக்கியுள்ளது. குருகிராமத்திற்கு அரியானாவின் சட்டம் வேறாக உண்டு. தமிழ்நாட்டிலும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் செயல்படுகின்றது. ஓரிடத்து ஒப்பந்தப் படிவத்தைப் படியெடுத்து மற்றோரிடத்தில் கையொப்பமிடுவது பயனற்ற செயல்.

மூன்று செய்திகள்

உரிமையியல் நீதிமன்றம் என்றவுடன் ஆண்டுக்கணக்கான அலைச்சல் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. சிறு உரிமையாளர் மனத்திற்கொள்ள வேண்டிய முதற்செய்தி இதுவே என்பது நம் கருத்து. எதிர்தரப்பினர் உண்மைகளை ஒப்புக்கொண்டுள்ள நிலையில், சாட்சி விசாரணையின்றியே தீர்ப்பு வழங்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கின்றது. தில்லி வீட்டு வழக்குகளில் இதற்கு மூன்று செய்திகள் தேவை: இருவருக்கும் இடையே உரிமையாளர்-வாடகைதாரர் உறவு உண்டு; வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்டது; வாடகை உறவு முறைப்படி முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. இம்மூன்றும் மறுக்க இயலாதவாறு இருப்பின் வெளியேற்ற ஆணை வழங்கலாம் என்பதை 2012இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. எனவே குடியமர்த்தும் நாளிலிருந்தே இம்மூன்றையும் காகிதத்தில் வைத்திருப்பவர் அஞ்ச வேண்டியதில்லை.

முதலாவது, ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். இதைத் தவிர்க்கவே பதினொரு மாத ஒப்பந்தம் என்னும் வழக்கம் நாடெங்கும் நிலைபெற்றது. பதினொரு மாத ஒப்பந்தம் செல்லத்தக்கதே, அதில் தவறில்லை. மூன்றாண்டுக்கு எழுதிப் பதிவு செய்யாமல் விடுவதுதான் தவறு. அவ்வாறு செய்தால் காலவரை, வாடகை உயர்வு போன்ற நிபந்தனைகளைச் சான்றாகக் காட்ட இயலாது. உறவு மாதாந்தர வாடகையாகவே கருதப்படும். முத்திரைத் தீர்வை குறைவாகச் செலுத்திய பத்திரத்தை, பற்றாக்குறையும் அபராதமும் செலுத்தும்வரை நீதிமன்றம் ஏற்பதில்லை என்பதும் கருதத்தக்கது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய்ப் பத்திரமே ஊமையாகிவிடும். நீண்டகாலம் ஒருவருக்கே விட எண்ணுவோர் செலவைப் பாராது பதிவு செய்துவிடுவது நலம்.

வேறு சிலர் 'வாடகை' என்ற சொல்லைத் தவிர்த்து 'உரிமம்' என எழுதினால் போதும் என நம்புகின்றனர். பெயரைப் பார்ப்பதில்லை, பொருளையே பார்ப்போம் என்று உச்சநீதிமன்றம் 1959லேயே கூறிவிட்டது. அந்த வழக்கும் தில்லியைச் சேர்ந்ததே. இம்பீரியல் ஓட்டலின் இரு அறைகளில் முடிதிருத்தும் நிலையம் நடத்தியவரின் பத்திரத்தில் உரிமம் என்றே எழுதப்பட்டிருந்தது. தனித்த அனுபோகம் தரப்பட்டதால் அது குத்தகையே எனத் தீர்க்கப்பட்டது.

இரண்டாவது, வாடகைத் தொகை. வரியைக் குறைக்கும் எண்ணத்துடன், வாடகையின் ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டி மீதியைக் கையில் பெறும் பழக்கம் தில்லியில் உண்டு. சிறிய அறைகளில் இது பெருந்தீங்காய் முடியும். பத்திரத்தில் 3,000 ரூபாய் என்று இருந்தால், உரிமையாளர் தம் கையாலேயே தம் வீட்டை 1958ஆம் ஆண்டுச் சட்டத்திற்குள் தள்ளிவிடுகின்றார். முழு வாடகையையும் எழுதுவதும், அதை வங்கி வழியாகப் பெறுவதும், பெற்றதற்கு ரசீது தருவதும் இருதரப்பினருக்கும் பாதுகாப்பு.

மூன்றாவது, அறிவிப்பு. மாதாந்தர வாடகையை முடித்துக்கொள்ளப் பதினைந்து நாள் எழுத்து மூலமான அறிவிப்புப் போதுமானது. அதை விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ப்பித்ததற்கான சான்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும். அறிவிப்புக்குப்பின் வழக்கம்போல் வாடகையை வாங்கிக்கொண்டே இருந்தால், அறிவிப்பைக் கைவிட்டதாக வாதிட எதிர்தரப்பினருக்கு இடமேற்படும். வரும் தொகை பயன்பாட்டு இழப்பீடாகவே, உரிமைக்குப் பாதகமின்றிப் பெறப்படுகின்றது என்று எழுதித் தெரிவித்துவிடுவது முறை.

எக்காரணம் கொண்டும் பூட்டை மாற்றுவதோ, தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பதோ கூடாது. முறையின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து மீண்டும் குடிபுக 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்கின்றது. அவ்வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் வீடு வாடகைதாரருக்கே சொந்தமாகிவிடும் என்ற பேச்சும் உண்மையன்று. வாடகைதாரராக இருப்பவர் உரிமையாளரின் இசைவினால் இருப்பவர்; அந்நிலை நீடிக்கும்வரை அவர் எதிர் அனுபோகம் கோர முடியாது.

ஒப்பந்தத்தில் எழுதத்தக்க பிற செய்திகளில், பயன்பாடு பற்றிய நிபந்தனையைச் சற்று வலியுறுத்த வேண்டும். குடியிருப்புப் பகுதிகளில் விதிமீறி நடைபெற்ற வணிகத்தைத் தடுக்க உச்சநீதிமன்றம் 2006இல் பிறப்பித்த ஆணையின் விளைவாக தில்லியில் எண்ணற்ற கடைகளுக்கு முத்திரையிடப்பட்டது. வாடகைதாரர் வேறிடம் தேடிச் சென்றுவிடுவார். முத்திரை உரிமையாளரின் கதவில் இருக்கும். குடியிருப்போர் எத்தனை பேர், பழுதுகளில் எவை யார் பொறுப்பு, குடிபுகும் நாளில் மின்மீட்டர் காட்டிய அளவு என்ன, விசிறி, கெய்சர் போன்றவை எத்தனை என்பனவும் எழுதப்பட்டால் பிற்காலச் சச்சரவு பெரிதும் குறையும். வாடகைதாரர் பற்றிய விவரத்தைக் காவல் நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்று தில்லிக் காவல் துறை அவ்வப்போது ஆணை பிறப்பிக்கின்றது. தவறினால் வழக்கு உரிமையாளர் மீதே பாயும்.

கணக்குப் பார்த்தல்

வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்க நினைப்போர் முதலில் காகிதமும் எழுதுகோலும் எடுத்து உட்கார வேண்டும். எடுத்துக்காட்டாக, 70 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டிற்கு மாதம் 20,000 ரூபாய் வாடகை கிடைப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். முதலீட்டில் நூற்றுக்கு மூன்றரைக்கும் குறைவு. குடி மாறும் இடைவெளியில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் 20,000 ரூபாய் போயிற்று. பிராப்பர்ட்டி டீலருக்கு அரை மாத வாடகை 10,000. குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம் மாதம் 2,000 வீதம் 24,000. சொத்து வரி 6,000 என்றும், வெள்ளையடிப்பு, குழாய்ப் பழுது ஆகியவற்றுக்குச் சராசரியாக 15,000 என்றும் வைத்துக்கொண்டால், எஞ்சுவது 1,65,000 ரூபாய். அதாவது நூற்றுக்கு 2.4க்கும் சற்றுக் குறைவு.

இதே வீட்டிற்காக 50 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் கடன் பெற்றிருந்தால், முதல் ஆண்டு வட்டி மட்டுமே நான்கேகால் லட்சத்தை நெருங்கும். வாடகை கடனை அடைக்கும் என்ற நம்பிக்கை இக்கணக்கின்முன் நிற்பதில்லை. மனை விலை உயரும் என்பதே முதலீட்டாளரின் எதிர்பார்ப்பு. அது நிகழலாம், நிகழாமலும் போகலாம். ஏற்கெனவே சொந்தமாக உள்ள வீட்டைப் பூட்டி வைப்பதைவிட வாடகைக்கு விடுவது நிச்சயம் மேல். கடன் வாங்கி வாடகைக்கென வீடு வாங்குவது வேறு வகைத் துணிவு.

வரியைப் பொறுத்தவரை, பெற்ற வாடகையில் செலுத்திய சொத்து வரியைக் கழித்து, எஞ்சியதில் நூற்றுக்கு 30 பங்கைப் பராமரிப்புக்கென வருமான வரித் துறை தள்ளுபடி செய்கின்றது. உண்மைச் செலவு அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் இதுவே அளவு. கடன் வட்டிக்குரிய சலுகை வேறு. மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் வாடகைதாரரே வரி பிடித்தம் செய்ய வேண்டும். இதன் வீதம் 2024 அக்டோபர் முதல் ஐந்திலிருந்து இரண்டு சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தில்லி மாநகராட்சி 2004 ஏப்ரல் முதல் பரப்பளவை அடிப்படையாகக் கொண்டு சொத்து வரி விதிக்கின்றது. பகுதிகளை எட்டு வகைகளாகப் பிரித்த அம்முறையில், சொந்தக்காரர் வசிக்கும் வீட்டிற்கு ஒன்று என்றும் வாடகை வீட்டிற்கு இரண்டு என்றும் பெருக்கற் காரணி வைக்கப்பட்டது. வீட்டை வாடகைக்கு விட்டபின்னும் பழைய கணக்கிலேயே வரி செலுத்துவோர் பின்னர் நிலுவைக்கு ஆளாவர்.

கட்டடமும் பத்திரமும்

இனி வீட்டைப் பற்றி. 2010 நவம்பர் 15ஆம் நாள் இரவு, கிழக்குத் தில்லி லட்சுமி நகரை அடுத்த லலிதா பார்க்கில் ஐந்து அடுக்குக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்து ஏறத்தாழ எழுபது பேர் மாண்டனர். அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டிருந்த அக்கட்டடத்தில் வாழ்ந்தவர் பெரும்பாலும் வெளிமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த ஏழை மக்கள். யமுனையில் அவ்வாண்டு பெருவெள்ளம் வந்து, கட்டடத்தின் அடித்தளத்தில் நீர் தேங்கியிருந்தது. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். 2024 ஜூலை 27ஆம் நாள் பழைய ராஜேந்திர நகரில், பயிற்சி நிலையம் ஒன்றின் அடித்தள நூலகத்தில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். கிடங்காகவும் வாகன நிறுத்தமாகவும் மட்டுமே பயன்படுத்த அனுமதி பெற்ற இடம் அது. அவ்வழக்கில் அடித்தளத்தின் பங்குரிமையாளர்களும் கைது செய்யப்பட்டனர்.

கூடுதலாக ஒரு மாடி கட்டினால் மாதம் பத்தாயிரம் வருமே என்று எண்ணுவோர், பழைய அடித்தளம் எத்தனை மாடிகளுக்காகப் போடப்பட்டது என்பதை ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் கேட்க வேண்டும். யமுனையின் மண் இளகியது. தில்லியோ நிலநடுக்க அபாயம் மிக்க நான்காம் மண்டலத்தில் நெடுங்காலமாக வைக்கப்பட்ட நகரம். மின்கம்பிகளின் தரம், ஒற்றை மாடிப்படி, சன்னலற்ற அறை, மாடிப்படியின் அடியில் வரிசையாகப் பொருத்தப்பட்ட மீட்டர்கள் ஆகியவை வாடகை கூடுவதோ குறைவதோ பற்றிய செய்திகள் அல்ல, உயிர் பற்றியவை.

பத்திரத்தைப் பொறுத்தவரை, தில்லியில் வீடுகள் பல பொது அதிகாரப் பத்திரத்தின் பேரிலேயே கைமாறி வந்தன. அவ்வகைப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்சநீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அனுமதி பெறாத 1,731 குடியேற்றங்களில் வாழ்வோருக்கு உரிமை வழங்க 2019இல் மத்திய அரசு தனிச்சட்டம் இயற்றியது. இத்தகைய வீட்டின் சொந்தக்காரர் வாடகைதாரரிடமிருந்து வாடகை பெறத் தடையேதும் இல்லை. குடியமர்த்தியவரின் உரிமையை வாடகைதாரர் மறுக்க இயலாது என்பது சான்றுச் சட்டத்தின் கோட்பாடு. ஆனால் வங்கிக் கடன் பெறவும் விற்கவும் முறையான உரிமைப்பத்திரம் வேண்டும். முதலீடாக வாங்குவோர் இதை முதலிலேயே பார்க்காவிடில், குறைந்த விலை என்று தோன்றியது பின்னர் குறைந்த உரிமை என்று விளங்கும்.

தொலைவிலிருப்போர்

தமிழ்நாட்டிற்குத் திரும்பிவிட்ட உரிமையாளர்கள், நம்பகமான ஒருவருக்குப் பதிவு செய்த அதிகாரப் பத்திரம் அளித்து, அறிவிப்பு அனுப்பவும் வழக்காடவும் அதில் தெளிவாக அதிகாரம் தர வேண்டும். வாடகை வாங்க மட்டும் அதிகாரம் தந்துவிட்டு, வழக்கு வரும்போது எழுபது வயதில் தில்லிக்கு ரயிலேறுவோர் உளர். அடுத்த வீட்டாரிடம் சாவியை ஒப்படைப்பது நட்புக்கு அடையாளமாகலாம். சட்டத்திற்கு அது எதுவும் அன்று. வெளிநாட்டில் வாழும் உரிமையாளராயின், வாடகை எவ்வளவு சிறிதாயினும் வாடகைதாரர் வரி பிடித்தம் செய்ய வேண்டியிருக்கும் என்பதை முன்னரே அவரிடம் தெரிவித்துவிடுவது நேர்மை.

வாடகைதாரருக்குரிய உரிமைகளையும் உரிமையாளர் அறிந்திருத்தல் நன்று. பழுதுகளை எழுதித் தெரிவித்தும் உரிமையாளர் கவனிக்காவிடில், 1958ஆம் ஆண்டுச் சட்டத்திற்குட்பட்ட வீட்டில் வாடகைதாரரே பழுதுபார்த்து, ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்குவரை கழித்துக்கொள்ளலாம். மின்சாரத்திற்கு உள்மீட்டர் பொருத்தி, வாரியக் கட்டணத்திற்கு மேல் வசூலிக்கும் பழக்கம் மாணவர் பகுதிகளில் மலிந்ததால், வாடகைதாரர் தாமே முன்பணம் செலுத்தும் மீட்டர் பெறுவதற்குத் தில்லி அரசு 2019இல் ஒரு திட்டம் அறிவித்தது. மாநிலம், மொழி, உணவு ஆகியவற்றைக் கேட்டு வாடகைக்கு மறுப்பவர்களும் உண்டு. ஒழுங்காக வாடகை செலுத்தி வீட்டைப் பேணுபவரை இழப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

முன்பணம் பற்றித் தில்லியில் பொதுவான வழக்கம் ஒன்றிரண்டு மாத வாடகை. 2021 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மாதிரி வாடகைச் சட்டமும் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதமே உச்ச அளவு என்கின்றது. குடி காலி செய்யும் நாளில் இருவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, தொடக்கப் பட்டியலுடன் பொருள்களை ஒப்பிட்டு, மின்மீட்டர் அளவைக் குறித்து, கழிக்க வேண்டியது ஏதேனும் இருப்பின் காரணத்துடன் எழுதி, மீதி முன்பணத்தை அன்றே வங்கி வழியாகத் திருப்பித் தர வேண்டும். சாவியைப் பெற்றுக்கொண்டதற்கும், காலியான உடைமையை ஒப்படைத்ததற்கும் நாளிட்ட ஒரு கடிதத்தில் இருவரும் கையொப்பமிட்ட பின்னரே அடுத்த குடியை அமர்த்தலாம்.